அத்தான் மாட்டிய சைலன்சர்

பிப்ரவரி 11, செவ்வாய்

வேலை முடிந்து வந்தால் ஹாலில் சோபா நீளத்துக்கு ஓர் அட்டைப்பெட்டி. பிரித்துக் கிடந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது அதுதான். இந்த வீட்டில் பார்சல் வந்தால் இரண்டு பேரும் இருக்கும்போதுதான் பிரிப்போம். மிக்சி வந்தபோது என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் தொடர்ந்து டூட்டி. கத்தரிக்கோலைத் தொடாமல் காத்திருந்தவன் நான்.

"பிரிச்சிட்டியா?" என்றேன்.

"அத்தான் வீடியோல வந்தார். எல்லாம் சரியா வந்திருக்கான்னு பாக்கணும்னார். அதான்."

உள்ளே வளைந்து நெளிந்த குழாய்கள், குழாய்கள் ஒன்றாகச் சேரும் ஒரு துண்டு, கறுப்பு மூடி போட்ட சைலன்சர், ஒரு பையில் ஸ்பிரிங்கும் போல்ட்டும். அவளுடைய வண்டிக்குப் புது சைலன்சர். கம்பெனி கொடுத்ததைக் கழற்றி எறிந்துவிட்டு இன்ஜினிலிருந்து வால் வரைக்கும் முழு செட்டாக மாற்றப் போகிறாளாம். என் கையில் சைலன்சரைக் கொடுத்தாள். "தூக்கிப் பாருங்க, எவ்வளவு லேசு! பழசு இதைவிட மூணு மடங்கு கனம்னு அத்தான் சொன்னார்."

லேசுதான். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வண்டி அவளுடையது. தொலைதூரப் பயணத்துக்கென்றே செய்த பெரிய வண்டி, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி வைத்தது. எனக்கு ஓட்ட வராது. கற்றுக்கொள்ளப் போய் ஒரு தபால்பெட்டியில் முட்டியதோடு சரி. அவள் வண்டி வாங்கிய நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமையென்றால் நான் பின்னால். மாடிவீட்டுக்காரர் ஜன்னலிலிருந்து, "என்ன சார், மேடம் இன்னைக்கு எங்க கொண்டுபோய் இறக்கிவிடறாங்க?" என்பார். சிரித்துவிட்டுப் போவேன். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அந்தப் பின்சீட்டு என்னுடையது.

பிப்ரவரி 12, புதன்

அத்தானைப் பற்றி எழுதி வைத்துவிட்டால் நெஞ்சு கொஞ்சம் ஆறுமோ என்று பார்க்கிறேன்.

அவளுடைய மாமா பையன். வெளிநாட்டில் வண்டி வேலை பார்த்துவிட்டு, போன வருடம் திரும்பி வந்து, பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒர்க்‌ஷாப் போட்டிருக்கிறான். கல்யாணம் ஆகவில்லை. "நேரம் அமையல" என்பான். (நேரில் 'அவர்', இங்கே 'அவன்'. டைரி என்னுடையது.)

முறைப்படி பார்த்தால் எனக்கு அவன் அண்ணன் ஆகிறான். என்னைவிட இரண்டே மாதம் பெரியவன். அந்த இரண்டு மாதத்தை வைத்துக்கொண்டு என்னை "தம்பி" என்கிறான். நரைத்த தலையோடு நின்று தம்பி என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. நான் பதிலுக்கு அவனை எதுவும் கூப்பிடுவதில்லை. தொண்டையைச் செருமிவிட்டுப் பேச ஆரம்பிப்பேன்.

எங்கள் கல்யாணத்தன்று அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "என் வீட்டுக்கு வரவேண்டிய பொண்ணு, நல்லா பாத்துக்கப்பா" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததெல்லாம் இப்போது வட்டியும் முதலுமாக வயிற்றெரிச்சலாய் வருகிறது.

அவன் அத்தான். நான் 'என்னங்க'. ஒரு நாளும் என்னை அவள் அத்தான் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் நன்றாகவா இருக்கும்? இருக்காது. ஆனாலும்.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்று நடந்தது சின்ன விஷயம்தான். சின்ன விஷயம்தான் குத்துகிறது.

அணைக்கட்டு வரை போனோம். அத்தானும் அவன் வண்டியில் வந்தான். புது சைலன்சர் மாட்டுவதற்கு முன்னால் வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். கிளம்பும்போது அவள் ஹெல்மெட்டின் இண்டர்காமை அவனுடைய ஹெல்மெட்டோடு இணைத்தாள். பழைய மாடல் அது. ஒரு நேரத்தில் ஒருவரோடுதான் பேசும். இத்தனை நாளும் அந்த ஒருவர் நான்.

"போறப்ப மட்டும். வண்டி சத்தத்தைக் கேட்டு அவர் ஏதாவது சொல்வார்" என்றாள்.

சரி என்றேன். வேறென்ன சொல்வது? "என் காதைத் திருப்பிக் கொடு" என்றா?

முக்கால் மணி நேரம். பின்னால் நான், ஹெல்மெட்டுக்குள் வெறும் காற்று. முன்னால் அவளுடைய முதுகு. பெரிய வளைவு தாண்டியதும் அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். எனக்கு ஒரு கை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு இன்னொருவன் சொன்னதற்குச் சிரிக்கிறாள். நான் மூட்டை மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். அவன் முன்னால் போய்க்கொண்டே கையை உயர்த்தி எதையோ காட்டுகிறான், இவள் தலையை ஆட்டுகிறாள்.

லாரி ஒன்று குறுக்கே வந்தது. "லாரி! லாரி!" என்று கத்தினேன். யாருக்குக் கேட்டது?

அணைக்கட்டில் இறங்கியதும், "என்ன அப்படிச் சிரிப்பு?" என்று கேட்டேன். "அத்தான் பாட்டு பாடறேன்னு கொலை பண்ணினார்" என்றாள். பாட்டாம்.

திரும்பி வரும்போது இண்டர்காமை எனக்கு மாற்றிக் கொடுத்தாள். நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. அவளுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

கிளினிக். என் வேலை ஊரார் காதைச் சோதிப்பது. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சத்தமாக அனுப்பிக் கேட்கிறதா என்று பார்ப்பேன். இன்று காலை யாரும் வருவதற்கு முன்னால் நானே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். சத்தமே இல்லாத இடத்தில்கூட அவள் சிரிப்பது கேட்கிறது.

பிப்ரவரி 19, புதன்

இன்று என் தொழிலை ஆயுதமாக எடுத்தேன். சாப்பிடும்போது ஆரம்பித்தேன்: "இந்த மாதிரி வெளி சைலன்சர் எல்லாம் எவ்வளவு சத்தம் போடும் தெரியுமா? காது நரம்பு போச்சுன்னா போச்சு. திரும்ப வராது. என்கிட்ட வர்றவங்களைக் கேளு."

அவள் எழுந்து போய் பெட்டியிலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஓர் உலோகக் குழாயைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். சத்தத்தைக் குறைக்கிற அடைப்பாம். சைலன்சர் வாய்க்குள் சொருகி ஒரு திருகு முடுக்கினால் கம்பெனி சைலன்சரைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்குமாம்.

"நீங்க காதுக்காரராச்சே, முதல்லயே கேப்பீங்கன்னு தெரியும். அதான் கூடவே வாங்கிட்டேன்."

ஆயுதம் பிடுங்கப்பட்டது. மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 22, சனி

ஹாஸ்டலிலிருந்து மகள் போன். அம்மா டூட்டியில் இருப்பதைத் தெரிந்துகொண்டுதான் கூப்பிட்டிருக்கிறாள் போல. நான் சுற்றி வளைத்துச் சொன்னேன்: அம்மாவுக்கு இப்போதெல்லாம் வண்டி வேலைதான் பெரிதாக இருக்கிறது, நாளைக்குக்கூட சைலன்சர் மாட்டப் போகிறாள், வீட்டுக்கு அடிக்கடி ஆட்கள் வருகிறார்கள் —

"ஆட்கள்னா? பெரியப்பாவா?"

அவளுக்கு அவன் பெரியப்பாவாம். பட்டம் மேல் பட்டம்.

"அப்பா, உங்களுக்குப் பொறாமை" என்றாள், ஜுரம் என்று சொல்வதுபோல.

"எனக்கா?" என்றேன்.

"நாளைக்கு அவங்க மாட்டறப்ப பக்கத்துல சும்மா நில்லுங்க. ஸ்பேனர் எடுத்துக் குடுங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதீங்க."

பொறாமைதான். எழுதியாகிவிட்டது. எழுதினால் குறையும் என்று யார் சொன்னது?

பிப்ரவரி 23, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வந்துவிட்டான். கீழே கார் நிறுத்துமிடத்தில் வண்டியை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தினார்கள். மகள் சொன்னபடி சும்மா நிற்க முடிவு செய்து நின்றேன்.

பழையதைக் கழற்றவே இரண்டு மணி நேரம். இன்ஜினை ஒட்டியிருந்த நட்டுகள் துருப்பிடித்து அசையவில்லை. எண்ணெய் அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள். அவள் குந்தி உட்கார்ந்து கையை நீட்டினாள். அவன் அளவு கேட்காமலே ஸ்பேனரை வைத்தான். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுக்கிற நர்ஸ் அவள். கையை நீட்டினால் சரியான பொருள் வந்து விழ வேண்டும் என்று பழகியவள். வீட்டில் அவள் கையை நீட்டினால் நான் உப்புக்குப் பதில் சர்க்கரை டப்பாவைக் கொடுப்பேன்.

"நான் எடுத்துத் தரேன்" என்றேன்.

"பன்னண்டு" என்றாள். ஸ்பேனர் பெட்டியில் துழாவினேன். பத்து இருக்கிறது, பதின்மூன்று இருக்கிறது. பன்னிரண்டு எங்கே? அவன் தன் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "விடுங்க தம்பி."

இன்ஜினும் குழாயும் சேருமிடத்தில் புகை கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துப் புதியதை வைத்தார்கள். புதுக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு எதையும் முடுக்காமல் விட்டார்கள். எல்லாம் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகு இன்ஜின் பக்கத்திலிருந்து வால் நோக்கி முடுக்கிக்கொண்டு வர வேண்டுமாம். முதலிலேயே ஒன்றை இறுக்கிவிட்டால் மற்றது பொருந்தாதாம். அவன் தாங்கிப் பிடிக்க, அவள் முடுக்கினாள். இரண்டு தலையும் ஒரு குழாயின் இரண்டு பக்கம். நான் மாடிவீட்டுக்காரரின் துணிக்கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவன் கையுறை போட்டுக்கொண்டு, துணியில் ஸ்பிரிட் நனைத்துக் குழாய் முழுக்கத் துடைத்தான். "இனிமே யாரும் வெறுங்கையால தொடக்கூடாது. கையில இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு பட்டா சூட்டுல அப்படியே சுட்டுப் பதிஞ்சிடும். அப்புறம் லேசுல போகாது."

அவர்கள் கை கழுவப் போனார்கள்.

நான் குழாயின் மேல் கையை வைத்தேன். முழு உள்ளங்கையையும். அழுத்தி.

ஏன் வைத்தேன்? தெரியாமல் பட்டுவிட்டது என்று இங்கே எழுதலாம். இது என் டைரி, பொய் எழுத வேண்டியதில்லை. வேண்டுமென்றுதான் வைத்தேன்.

இன்ஜினை ஓட விட்டார்கள். குழாய் சூடேறி வைக்கோல் நிறத்துக்கு வந்தபோது அதில் பழுப்பாய் ஐந்து விரலும் தெளிவாக எழுந்து வந்தன. அவன் குனிந்து பார்த்து, "அய்யய்யோ, யார் கை இது?" என்றான். அவள் என்னைப் பார்த்தாள். "பூனையா இருக்கும் அத்தான்" என்றாள். ஐந்து விரல் பூனை. நான் பூனையாகவே நின்றேன்.

ஆனால் இன்றைய விஷயம் அதுவும் இல்லை.

ஒரு சுற்று போய்ப் பார்க்கலாம் என்று அவள் ஏறி உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல இடது காலை ஃபுட்ரெஸ்டில் ஊன்றி, வலது காலை வீசிப் போட்டு உட்கார்ந்தேன். வலது கால் இறங்குகிறது, இறங்குகிறது, எதன் மேலும் படவில்லை. குனிந்து பார்த்தேன். ஃபுட்ரெஸ்ட் இருந்த இடத்தில் ஒரு மெல்லிய தகடு. அதில் புது சைலன்சர் தொங்குகிறது. என் காலுக்கு இடமில்லை.

"இங்க ஃபுட்ரெஸ்ட் இருந்துச்சே?" என்றேன்.

அவள் அத்தானைப் பார்த்தாள். அத்தான் ஸ்பேனரைப் பார்த்தான்.

"இன்னைக்கு ஒரு ரவுண்டுதானே, நான் மட்டும் போய்ட்டு வந்துடறேன். இறங்குங்க" என்றாள்.

இறங்கினேன். போனாள். நானும் அவனும் கேட்டருகே நின்று அந்தச் சத்தம் தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டிருந்தோம். நல்ல சத்தம்தான். கனமாக, அடித்தொண்டையில். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

திட்டமிட்டுச் செய்திருக்கிறான். என்னைக் கீழே இறக்கிவிட்டான்!

பிப்ரவரி 26, புதன்

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பஸ்ஸில் போகும்போது வசனமெல்லாம் தயார் செய்துகொண்டேன். 'என் குடும்பத்துல நீங்க யாரு' என்பது முதல் வரி.

ஒர்க்‌ஷாப்பில் அவன் மட்டும். ஒரு வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். "வாங்க தம்பி!" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை.

"அந்த ஃபுட்ரெஸ்டை ஏன் கழட்டினீங்க?"

அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. அது மாட்டிக்கொண்ட திருடனுடைய முகம் இல்லை.

"அவ உங்ககிட்ட சொல்லலையா?"

"என்ன சொல்லணும்?"

எண்ணெய் டப்பாவை மூடினான். மறுபடி திறந்தான். "தம்பி, அந்த செட்டு வாங்கறப்பவே எந்தத் தாங்கி வேணும்னு கேப்பாங்க. பின்சீட்டு ஃபுட்ரெஸ்டோட வர்றது ஒண்ணு. இல்லாதது ஒண்ணு, அது லேசு. நான் ஃபுட்ரெஸ்டோட உள்ளதுதான் சொன்னேன். அவதான் வேணாம்னா."

"ஏன்?"

"அதை அவகிட்டயே கேளுங்களேன்."

"நீங்க சொல்லுங்க."

"தனியா போகணும்னா. பார்க்கிங்ல வண்டியைப் பின்னாடி தள்றப்ப நீங்கதானே புடிக்கிறீங்க? தானே தள்ளணும், அதுக்குக் கனம் குறையணும், என்ன பண்ணலாம்னு கேட்டா. அதுக்குத்தான் இந்த சைலன்சரே."

அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவன் தண்ணீர் கொண்டுவந்தான். குடித்தேன். என்னால் அவனைத் திட்டக்கூட முடியவில்லை. இவ்வளவு நாளும் பொறாமைப்பட்டதற்கு ஆளாவது ஒழுங்காக இருந்தான். இப்போது யார் மேல் படுவது?

பிப்ரவரி 27, வியாழன்

பேசவில்லை. அவள் ஏன் என்று கேட்கவும் இல்லை. அத்தான் போன் பண்ணிச் சொல்லியிருப்பான்.

மார்ச் 1, சனி

இன்று பேசினோம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து, மடித்து, பிரித்து, மறுபடி மடித்தேன்.

"நான் பின்னாடி உக்கார்றது உனக்குப் பிடிக்கலையா?"

உடனே மறுப்பாள் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. ஒரு சட்டையை மடித்து முடித்தாள்.

"பிடிக்கும். ஆனா நீங்க பின்னாடி உக்கார்றது மட்டுமா செய்றீங்க? லாரின்றீங்க. மெதுவான்றீங்க. பள்ளம்ன்றீங்க. எனக்குத் தெரியாதா பள்ளம்? வளைவுல முட்டியால என்னை அழுத்திப் புடிச்சுக்கறீங்க, வண்டி என் பேச்சையே கேக்காது. அப்புறம் பேச்சு. மாடிவீட்டுக்காரர் என்ன சொன்னார், கிளினிக்ல யார் வந்தாங்க... ஊருக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் காதுக்குள்ள நீங்கதான்."

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா மூஞ்சி சுண்டிப் போயிடும். இப்ப பாருங்க, போயிடுச்சு."

போயிருக்கும். கண்ணாடி பார்க்கவில்லை.

"தியேட்டர்ல நாள் பூரா மானிட்டர் பீப் பீப்னு அடிச்சுக்கிட்டே இருக்கும். அது மாறிச்சான்னு காது அங்கயேதான் இருக்கணும். எனக்குக் கொஞ்ச தூரம்... யார் உயிரும் என் கையில இல்லாம ஓட்டணும். நீங்க பின்னாடி இருந்தா உங்க உயிரும் என் கையிலதானே இருக்கு?"

நான் அங்கே பாதுகாப்பாக உட்கார்ந்திருந்தேன். அது அவளுக்குப் பாரமாக இருந்திருக்கிறது. சைலன்சர் கனம் என்றாளே, சைலன்சர் மட்டுமா கனம்?

"அப்ப அத்தான்கிட்ட மட்டும் எப்படிச் சொன்னே?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. பொறாமைக்கு வெட்கமா மானமா?

"அவர்கிட்ட சொன்னா அவருக்கு வலிக்காதே" என்றாள். பிறகு, "அந்தக் கை யாருதுன்னு எனக்குத் தெரியும். நான் பாலிஷ் போட்டு எடுக்கச் சொல்லல. ஆனா இனிமே அப்படிப் பண்ணாதீங்க. வேணும்னா வாயால கேளுங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறாளாம். மலைகளைச் சுற்றி ஒரு வாரம். தனியாக. ஆஸ்பத்திரியில் லீவு எப்போதோ சொல்லிவிட்டாள்.

மார்ச் 8, சனி

போய்விட்டாள். பார்க்கிங்கிலிருந்து வண்டியைத் தானே பின்னால் தள்ளினாள். என் கை தானாக நீண்டது. பையில் சொருகிக்கொண்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

எதன் மேலெல்லாம் பொறாமை வருகிறது என்று பார்த்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. அவளுக்குப் பெட்ரோல் போடுகிறவன் மேல். வழியில் அவள் டீ குடிக்கிற கடைக்காரன் மேல். அவள் முகத்தில் படுகிற குளிர்காற்றின் மேல்கூட. அத்தான் மேல் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பாவம், அவனையும் விட்டுவிட்டுத்தானே போயிருக்கிறாள். சாயங்காலம் போன் பண்ணினான்: "தம்பி, அவ கூப்பிட்டாளா?" கூப்பிட்டாள் என்றேன். "எனக்குக் கூப்பிடல" என்றான். அந்த ஒரு வரிக்காக அவனுக்கு இன்று எல்லாப் பாவமும் மன்னிப்பு.

மார்ச் 10, திங்கள்

போன்: "சேந்துட்டேன். சாப்பிட்டேன். தூக்கம் வருது." அவ்வளவுதான்.

மார்ச் 11, செவ்வாய்

"சேந்துட்டேன். சாப்பிட்டேன். கால் வலி." நேற்றைவிடப் பெரிய மாற்றம் இல்லை. வீட்டில் மாவு புளித்துப் பொங்கிவிட்டது.

மார்ச் 12, புதன்

இன்று அவள் போனை வைப்பதற்குள் கேட்டுவிட்டேன். நாள் முழுக்க யோசித்து வைத்திருந்த வாக்கியம். அதில் பாதிதான் வாயில் வந்தது.

"நீ வெள்ளிக்கிழமை தங்கற ஊருக்கு நான் வரட்டுமா? பின்னாடி உக்கார இல்ல. பஸ்ல வரேன். பஸ்லயே திரும்பிடறேன்."

காது சோதிக்கிற வேலையில் அமைதியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மாதிரி அமைதியை இல்லை. வேண்டாம் என்றால் என்ன செய்வது? அவள் கேட்டது ஒரு வாரம். அதில்கூடக் கை வைக்கிறேனா? வேண்டுமானால் வாயால் கேளுங்கள் என்றவள் அவள்தானே? 'சும்மா கேட்டேன், விடு' என்று சொல்ல வாய் திறந்தேன்.

"சாயங்காலம்தான் வந்து சேருவேன்" என்றாள். "நீங்க சீக்கிரம் வந்துட்டீங்கன்னா போரடிக்கும், பரவாயில்லையா?"

பரவாயில்லை என்றேன். சரியாகச் சொன்னேனா, கத்தினேனா, தெரியவில்லை.

மார்ச் 14, வெள்ளி

மலை ஊர். விடுதியின் மாடி அறை. மதியமே வந்துவிட்டேன். பஸ்ஸில் வளைவுக்கு வளைவு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். டிரைவருக்குக் கேட்கவில்லை, அவர் பாட்டுக்கு ஓட்டினார். நல்லபடியாகத்தான் வந்து சேர்ந்தோம்.

நாலரை மணிக்கு அந்தச் சத்தம் கேட்டது. கீழே ஏதோ ஒரு வளைவில் ஆரம்பித்து, மறைந்து, அடுத்த வளைவில் இன்னும் கொஞ்சம் பெரிதாக. பக்கத்து அறைக்காரர் வராந்தாவில் நின்று, "என்ன சார் இது, என்னா சத்தம்" என்றார். "என் மனைவி சார்" என்றேன். கீழே இறங்கும்போது இரண்டு படி தவறினேன்.

ஹெல்மெட்டைக் கழற்றினாள். முகமெல்லாம் தூசி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. கன்னம் வெயிலில் கறுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "என்னங்க, அந்த ரெண்டாவது மலை இருக்கே —" என்று ஆரம்பித்தாள். வந்தீர்களா, சாப்பிட்டீர்களா, எதுவும் இல்லை. பெட்டியைக் கழற்றிக்கொண்டே பேசினாள். படியேறிக்கொண்டே பேசினாள். மேகத்துக்குள் போய்விட்டதாம் சாலை. முன்சக்கரமே தெரியவில்லையாம். நின்று, இறங்கி, கற்களின் மேல் உட்கார்ந்து மேகம் போகிற வரை காத்திருந்தாளாம். நடுவழியில் ஒரு மாடு விலகவே மாட்டேன் என்றதாம். இரண்டு கையையும் வீசிச் சொன்னாள். இவ்வளவு பேசுகிறவளா இவள்?

எனக்குத் தெரியாது. இத்தனை வருடமும் அவள் போன எல்லா இடத்துக்கும் நானும் போனேன். அதனால் ஒரு பயணத்தையும் அவள் எனக்குச் சொன்னதே இல்லை. சொல்ல என்ன இருந்தது? நான்தான் கூடவே இருந்து எல்லாவற்றையும் அவளுக்கு முன்னால் சொல்லிக்கொண்டிருந்தேனே.

பாதியில் எழுந்து குளிக்கப் போயிருக்கிறாள். அதனால்தான் இதை எழுத முடிகிறது. கட்டிலில் கிடந்த அவளுடைய போன் அடித்தது. திரையில்: அத்தான்.

"என்னங்க, யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"அத்தான்" என்றேன். நான்கூட அப்படித்தான் சொன்னேன்.

"எடுக்காதீங்க. எடுத்தா எல்லாத்தையும் சொல்லச் சொல்வார். முதல்ல உங்ககிட்ட சொல்லி முடிச்சிடறேன்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். போதாதென்று தலையணைக்கு அடியில் தள்ளினேன். அங்கேயும் அடித்துக்கொண்டிருந்தது. அடிக்கட்டும். இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் தேவையா என்று யாராவது கேட்டால், ஆமாம், தேவை.

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது. அவள் சொன்னதில் இன்னும் இரண்டாவது மலையையே தாண்டவில்லை. டைரியை மூடுகிறேன்.